கடைசி வரி

மும்பை தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டில் பொன்செல்வி பிரிண்ட் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள். எதிர்க்கடை என்னுடையது, பெல்ட் விற்கிறேன். அவள் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. முறித்தவன் எங்கள் தெரு இசக்கிராஜ். அப்போது நான் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஐந்து வருஷம் இருக்கும். குடிசைகளை இடித்துக் கட்டும் புதுக் கட்டடத்தில் வீடு வேண்டுமானால் குடும்பப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்றார்கள். வக்கீல்கள் நீளமான லீகல் தாளில் அடித்து, மேலே போட்டோவும் கைநாட்டும் வைத்து, ஸ்கேன் செய்து போனில் அனுப்புவார்கள். பொன்செல்வியின் கம்ப்யூட்டரில் தாள் அளவு ஏ-ஃபோர் என்றே கிடந்தது. அதனால் இசக்கிராஜ் வீட்டுப் பட்டியலில் அடியில் ஒரு வரி வெட்டுப்பட்டு வந்தது. அந்த வரியில்தான் அவன் பெயர். யாரும் கவனிக்கவில்லை, வீடு ஒதுக்கும் ஆபீஸில் அவனைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நேரே வந்தவன் ஷட்டர் கம்பியை எடுத்து அவள் கையில் ஓங்கிப் போட்டான்.

அதற்குப் பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் தாள் அளவைப் பார்ப்பாள். பிறகு திரையில் கடைசி வரி வரை விரல் வைத்துப் படிப்பாள். "ஜல்தி, ஜல்தி" என்று ஆட்கள் அவசரப்படுத்திக் கத்துவார்கள். காதிலேயே வாங்கமாட்டாள். சரியான அழுத்தக்காரி.

விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க ஆபீஸில் மறுபடி பட்டியல் கேட்டிருந்தார்கள். போன செவ்வாய்க்கிழமை இசக்கிராஜ் மறுபடி வந்தான், போனில் புதுப் பட்டியலோடு. அவன் தங்கை மாடத்தியைப் புருஷன் அடித்து விரட்டி மூன்று வருஷமாகிறது, தாய்வீட்டில்தான் இருக்கிறாள். தாய் பிடிவாதம் பிடித்து அவள் பெயரையும் கடைசியில் சேர்க்கச் சொல்லியிருந்தாள்.

"எக்கா, ஏ-ஃபோர்லயே போடு. அன்னைக்கு வெட்டுனேல்லா, அதே மாதிரி அடிவரி வரக்கூடாது."

"அது மாடத்தி பேருல்லா?"

"அவளுக்கும் பங்கு குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்? போடு."

பொன்செல்வி லீகல் தாளை ட்ரேயில் வைத்தாள். கம்ப்யூட்டரில் தாள் அளவையும் லீகல் என்று மாற்றினாள். எத்தனை பிரதி என்ற கட்டத்தில் ஐம்பது என்று அடித்தாள்.

"ஏல, அன்னைக்கு ஒம் பேரு வெட்டுப்பட்டதுக்கு எங்கைய ஒடிச்ச. இன்னைக்கு அவ பேர நான் வெட்டுனா எத ஒடிக்கணும்?"

முதல் தாள் வந்தது. கிழித்தான். இரண்டாவது வந்தது. அவளை அறைந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மெஷின் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது, கிழிக்கக் கிழிக்க. அதே ஷட்டர் கம்பியை எடுத்து மெஷினை நொறுக்கினான். அப்புறம் அவள் தலைக்கு ஓங்கினான்.

இந்த முறை நான் ரோட்டைத் தாண்டியிருந்தேன். கம்பி என் வலது தோளில் இறங்கியது. கையிலிருந்த பெல்ட்டால் அவன் முகத்தில் விளாசினேன். பக்கிள் பட்டுப் புருவம் கிழிந்தது. மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு கொடுத்தேன். அதற்குள் ஆட்கள் கூடி அவனை இழுத்துப்போனார்கள்.

பொன்செல்வி தரையில் உட்கார்ந்து தாள்களைப் பொறுக்கினாள். ரத்தம் படாத ஒன்றை எடுத்து, மடங்காத விரலை வைத்துக் கடைசி வரி வரை படித்தாள்.

"அண்ணாச்சி, இத மாடத்திகிட்ட குடுங்க. அவளே ஆபீஸ்ல கொண்டு குடுக்கட்டும்."

கொண்டுபோனேன். மாடத்திக்கு எழுத்து தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம் பேரு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் அடியில் தொட்டுக் காட்டினேன்.