நானே போட்ட ஆறு மணிச் சட்டம்

போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஒன்பது பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போவது என் வேலை. ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஆறரைக்குத்தான் வருவார்கள். ஒரு நாள் பொறுமை போய், யாரிடமும் கேட்காமல் நானே சட்டம் போட்டேன். ‘ஜீப்பு ஆறு மணிக்குக் கிளம்பும். யாருக்காகவும் நிற்காது’ என்று எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினேன்.

மறுநாள் ஆறு மணி ஆனது. ஒருவரும் வரவில்லை. சட்டம் போட்டவனே மீறலாமா? காலி ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கம்பீரமாக ஹாரன் அடித்தபடி மலையேறினேன்.

தோட்டத்துக் கங்காணி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். “ஆளுக எங்கய்யா?”

“நான் நேரத்துக்கு வந்துட்டேன்ல?”

“நேரமா வந்து காய் எடுக்கும்? வெரசாப் போய்க் கூட்டிட்டு வாய்யா!”

திரும்பி இறங்கினேன். ஒன்பது பேரும் தூக்குவாளியோடு வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, ஆறு மணிக்குத்தான் குழாயில தண்ணி விடுறாக. பிடிச்சு வைக்காம எப்படி வர்றது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றாள் முத்தம்மா. “ஒங்க வீட்டுக்கும் அதே தண்ணிதான். மதினிகிட்டக் கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். உண்மைதான். பதினெட்டு வருடமாக என் மனைவி பிடித்து வைத்த தண்ணீரில் குளித்துவிட்டு, அது எப்போது வருகிறதென்றே தெரியாமல் வண்டி எடுத்திருக்கிறேன்.

அந்தத் தாளைக் கிழித்தபோது மேல்பாதிதான் வந்தது. ‘யாருக்காகவும் நிற்காது’ என்பது இன்னும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் அதன் பின்னால் உட்கார்ந்துதான், ஆறரை வரை, ஒன்பது பேருக்காகவும் காத்திருக்கிறேன்.