தூத்துக்குடி – திருவனந்தபுரம், வழி சென்னை

போன வாரம் திருவனந்தபுரத்துக்குப் பறந்து போனேன். தென்காசியில் பஸ் ஏறி, செங்கோட்டை தாண்டி மலையேறி இறங்கினால் காலை டிபன் செரிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எங்களுக்கு ஒரு முழுப் பகல் ஆனது. பிளைட்டில் போனதால்.

எங்களுக்கு என்றால் எனக்கும் அத்தானுக்கும். அத்தான் என் அக்காவின் கணவர், தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர். திருவனந்தபுரத்தில் இருக்கும் அவர் மகளுக்குப் பெண் குழந்தை. சாயங்காலம் பெயர் வைக்கிறார்கள். தாத்தாதான் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். வள்ளியம்மை – அத்தானின் அம்மா பெயர்.

"மாப்ளே, தூத்துக்குடி ஏர்போர்ட்ல இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அரை மணி நேரம்னு போட்டிருக்கான் பாரு" என்று போனை நீட்டினார். ஏதோ வெப்சைட். இரண்டு ஊருக்கும் நடுவில் நேராக ஒரு கோடு. பொய்யில்லை. ஆகாயத்தில் அவ்வளவு தூரம்தான். அந்தக் கோட்டின் மேல் விமானம் ஏதும் பறக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

டிராவல்ஸில் சொன்னார்கள்: "சென்னை போயி மாறணும் சார்."

அங்கேயே திரும்பியிருக்கலாம்தானே? ஆனால் அதற்குள் மேலகரம் முழுக்க, 'பிளைட்ல போறேன்' என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் எப்படி பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பது?

"நான் பஸ்லயே போயிக்கிடுதேன். நீங்க பறந்து வாங்க" என்றாள் அக்கா.

மேற்கே இருக்கும் ஊருக்குப் போக, ஆலங்குளம் வழியாகக் கிழக்கே தூத்துக்குடிக்குக் காரில் கிளம்பினோம். அங்கிருந்து வடக்கே பறந்தோம். சென்னையில் இறங்கியதும் அத்தான் அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, எங்கன இருக்க?"

"மக வீட்லதான். குளிச்சிச் சாப்பிட்டாச்சு. நீங்க எங்கன இருக்கீய?"

அத்தான் போனை வைத்துவிட்டார்.

அடுத்த விமானம் தாமதம் என்றார்கள்... பிறகு இன்னும் தாமதம். நல்ல நேரம் முடியப் போகிறது. மகள் அழைத்தாள். "யப்பா, போனைப் பிள்ளை காதுல வைக்கேன். நீங்க அங்கன இருந்தே சொல்லுங்க."

அத்தான் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சுற்றிலும் ஒரே இரைச்சல். குழந்தைக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டையைத் திறந்தார்.

"வள்ளியம்மை... வள்ளியம்மை... வள்ளியம்மை..."

லவுஞ்சே திரும்பிப் பார்த்தது. விமான நிறுவனத்துப் பெண் ஒருத்தி வாக்கிடாக்கியோடு ஓடி வந்தாள்.

"சார், உங்க கூட வந்தவங்களைக் காணோமா? வள்ளியம்மைங்கறவங்க எந்த பிளைட்?"

"அவ திருவனந்தபுரத்துலதாம்மா இருக்கா."

"ஓ, முன்னாடியே போயிட்டாங்களா? வயசானவங்களா சார்?"

"இன்னும் பல்லு முளைக்கல" என்றார் அத்தான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் கிளம்பியிருந்தார்கள். பாயசம் ஆறிப்போயிருந்தது. அத்தான் கைகால் கழுவிவிட்டு நேரே தொட்டிலுக்குப் போனார். தூங்கும் குழந்தையின் காதருகே குனிந்து, மெதுவாகப் பெயரைச் சொன்னார்.

"அதான் போன்லயே சொல்லிட்டீயளே" என்றாள் அக்கா.

"அது மெட்ராஸ்காரனுக்குச் சொன்னது" என்றார் அத்தான். "இதுதான் பிள்ளைக்கு."