அம்மாவின் மஞ்சள் மாத்திரை

பிள்ளைகளே, வீட்டில் யார் மாத்திரை போட்டாலும் நான் பக்கத்தில் நின்று பார்ப்பது ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்காருபாளையத்தில் இருந்தோம். நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், மாந்தோப்புகளில் மருந்தடித்தும் காய் பறித்தும் கூலி வாங்கினார். அந்த வருடம் அம்மா சிரிப்பதை நிறுத்தினாள், குளிப்பதை நிறுத்தினாள். பிறகு சுவருக்குள்ளிருந்து ஒருவன் பேசுகிறான் என்றாள். தோப்பில் பிஞ்சு கொட்டியது தன்னால்தான், போலீஸ் வருகிறது என்றாள். திருப்பதி டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். வெள்ளை, மனச்சோர்வுக்கு. மஞ்சள், அந்தக் குரலுக்கும் பயத்துக்கும்.

“ரெண்டும் சேர்ந்தே போவணும். நல்லாயிட்டாலும் நான் சொல்லாம நிறுத்தாதீங்க,” என்றார்.

நைனா விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு.

மூன்று வாரத்தில் குரல் போய்விட்டது. ஆனால் அம்மா தூங்கிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் லீவு, பேச ஆளில்லை. தோப்பில் பூச்சி போய்விட்டால் நைனா மருந்தடிக்க மாட்டார். குரல்தான் போய்விட்டதே என்று நானும் மஞ்சளை நிறுத்தினேன். தினம் ஒன்று சாக்கடைக்குப் போயிற்று.

சில நாளில் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். என்னிடம் மட்டும் பேசினாள்.

“சோறு துன்னாதடா கண்ணு, வெசம் வெச்சிட்டாங்க. தோலோட இருக்கறதுல வெக்க முடியாது.” வாழைப்பழமாக உரித்து ஊட்டினாள். “நைனாகிட்ட சொல்லிடாத.”

அவ்வளவு பேச்சு எனக்குக் கிடைத்ததே இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள், போலீசில் தானே ஒப்புக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ரோட்டில் நடந்துபோனாள். இளநீர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

மறுபடி திருப்பதி. “ரெண்டும் குடுத்தீங்களா?” என்றார் டாக்டர்.

“எம் பையன் பாத்துக்கினான் சார். ஒரு வேள தப்பல,” என்றார் நைனா, பெருமையாக.

“அப்ப இந்த மருந்து கேக்கல. மாத்தணும். இல்ல அட்மிட் பண்ணி கரண்ட் வைத்தியம் குடுத்துப் பாக்கணும்.”

“மஞ்சள நான் குடுக்கல,” என்றேன்.

நைனா கை ஓங்கினார். டாக்டர் தடுத்தார். “இப்பவாவது சொன்னானே. அதையே திரும்ப ஆரம்பிப்போம். இனிமே பெரியவங்க குடுங்க. சின்னப் பையன் தலையில இதக் கட்டுவாங்களா?”

மழைக்காலத்தில் அம்மா தேறினாள். அந்த நாட்களில் என்னிடம் பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அது நோயின் பேச்சு என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை. அம்மா எனக்காகத்தான் எழுந்து வந்தாள் என்றே நினைத்திருந்தேன்.

அவள் தேறுவதற்கு முன்னால், திருப்பதியிலிருந்து திரும்பிய மறுநாள், நைனா இரண்டு மாத்திரையையும் தானே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அம்மா தூங்கிவிட்டாள். நான் கதவைச் சாத்தினேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஆடு மூன்று குட்டி போட்டதையும், எனக்கு ஒரு பல் ஆடுவதையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.