சந்திரவதனாவின் முப்பது மைல்

1994 வைகாசியில், நாற்பத்தாறாவது வயதில், சந்திரவதனா மூன்றாவது தடவையாகவும் கார் ஓட்டும் சோதனையில் தவறினார். சோதனை எடுத்தவர் மரியாதையான மனிதர். பெரிய பிழை ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் பச்சை விளக்குக்கும் நிற்கிறீர்கள் என்று மெதுவாகத்தான் சொன்னார். சந்திரவதனாவுக்கு அவரோடு கோபம் இல்லை. தனக்கும் காருக்கும் சரிவராது என்று முடிவெடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, புலம்பெயர்ந்து வந்து அவர்கள் குடியிருந்த அஜின்கோர்ட் என்ற நகரத்து ஓரப் பகுதியில், அவர்களுடைய தெருவில் ஒரு வீட்டுக்காரர் கராஜ் சாமான்களை வெளியே பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். மேசை விளக்குகளுக்கும் பழைய சூட்கேசுகளுக்கும் நடுவில் ஒரு பெண்கள் சைக்கிள் நின்றது. கடும்பச்சை நிறம், முன்னுக்கு ஒரு கூடை. சந்திரவதனா பெல்லை ஒருதரம் அடித்துப் பார்த்தார். பிறகு ஏறி இருந்து தெரு முனைமட்டும் போய்த் திரும்பி வந்தார். ஒரு காலத்தில் ஊரில், மானிப்பாய்க் கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்கு வேலைக்கு ஏழு வருடம் சைக்கிளில் போய்வந்தவர். இடையில் எத்தனை வருடம் போயிருந்தாலும் கால் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

கணவர் சச்சிதானந்தன் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். பச்சைச் சைக்கிளைக் கண்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஊரில கார் இல்லாததால சைக்கிள் ஓடினம். இஞ்சதான் வாசலில கார் நிக்குதே. ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம்?"

எந்த ஆக்கள் என்று சந்திரவதனா கேட்டார். அவர் ஒரு ஏழெட்டுப் பேரைச் சொன்னார். முதலாவது பெயர் அருள்நாயகம். யாழ்ப்பாணத்தில் இவர்களுக்குப் பக்கத்து வீடு, இங்கே எந்த விசேடத்திலும் முன்வரிசை. யோசித்துப் பார்த்ததில் சந்திரவதனாவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சொன்ன எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுதலாக எழும்புகிறவர்கள். அதனால் ஞாயிறு ஆறரைக்கு வெளிக்கிடுவது என்று வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டினால் நகரம் முடிந்துவிடும். அங்கால் சோளம், குதிரைகள், சிவப்புத் தகரக் கூரை போட்ட வைக்கோல் கொட்டில்கள். முதல் கிழமை ஸ்ரீல்ஸ்மட்டும் போனார். மற்றக் கிழமை அதைக் கடந்து ஒரு மைல். ஆடி மாதம் யூனியன்வில்லின் பழைய பிரதான தெருவுக்கே போய்விட்டார். மர வேலைப்பாடு செய்த முகப்புகள், குளம், வாத்துகள். அவருக்கு ஒரு பழக்கம், எங்கே எழுத்துப் பொறித்த பலகையைக் கண்டாலும் இறங்கி முழுவதையும் வாய்க்குள் வாசித்துவிட்டுத்தான் நகர்வார். அப்படி வாசித்துத்தான், இருநூறு வருடத்துக்கு முந்தி ஜேர்மன் குடும்பங்கள் நியூயோர்க் பக்கமிருந்து வந்து அங்கே காடு வெட்டின கதையை அறிந்தார். வீட்டுக்கு வந்து அதைக் கணவருக்குச் சொன்னார்.

"முதல் போன இடம் அவைக்குச் சரிவரேல்லையாம். பிறகுதான் இஞ்ச வந்தவை. கிட்டத்தட்ட எங்கட கதைதான்."

சச்சிதானந்தன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அவை சைக்கிளில வந்திருக்க மாட்டினம்," என்றார்.

அடுத்த கோடையில் ஒரு நாள், மார்க்கம் என்ற ஊருக்கு வடக்கே, சோளக் காட்டுக்கு மேலால் தங்க நிறத்தில் ஏதோ மினுங்கியது. கிட்டப் போகப் போக அது ஒரு கோபுரமாயிற்று, பிறகு மூன்று கோபுரமாயிற்று. சுற்றவர ஒரு வீடுகூட இல்லாத வயல்வெளியில், பெரிய நகரத்துக்கென்று கட்டின மாதிரி ஒரு மாதாகோயில் தனியே நின்றது. கதவு பூட்டியிருந்தது. சந்திரவதனா அதைச் சுற்றி ஒரு வட்டம் ஓடிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வேலைத்தலத்தில் இதைப் பேர்ணடெற்றிடம் சொன்னார். இருவரும் ஒரு தலையணைத் தொழிற்சாலையில் ஒரே மேசையில் உறை தைக்கிறவர்கள். பேர்ணடெற் மன்னாரைச் சேர்ந்தவர், சந்திரவதனாவைவிட ஆறு வயது இளையவர், ஞாயிறு பூசை தவறாதவர். வயலுக்குள் தங்கக் கோபுரத்தோடு ஒரு கோயில் இருக்கிறதென்றால் தான் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். காரில் போகலாமே என்று சந்திரவதனா சொல்லிப் பார்த்தார். பேர்ணடெற் கேட்கவில்லை. நீங்கள் எப்படிக் கண்டீர்களோ அப்படித்தான் நானும் காணவேண்டும் என்று நின்றார். ஒரு சிக்கல், அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலையின் கார் நிறுத்தும் இடத்தில், பேர்ணடெற்றின் மகன் றொய்சனுடைய சைக்கிளில் பழக்கம் தொடங்கியது. பேர்ணடெற் இரண்டுதரம் குப்பைத் தொட்டியோடு மோதினார், ஒருதரம் முதலாளியின் காரை மயிரிழையில் தவறவிட்டார். மூன்றாவது கிழமை, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய சந்திரவதனாவின் கையை விட்டுத் தானாகப் போனார். நிற்பாட்டத் தெரியாததால் ஐந்து வட்டம் அடித்தார்.

பிறகு வீதி வரைபடத்தைத் தையல் மேசையில் விரித்துப் பார்த்தார்கள். அந்த மாதாகோயிலிலிருந்து எல்ஜின் மில்ஸ் வீதியால் மேற்கே போனால் றிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட வரும். யூனியன்வில், மாதாகோயில், பிள்ளையார் கோயில், திரும்பி அஜின்கோர்ட். சந்திரவதனா நூலை வைத்து அளந்து பார்த்தார். ஏறத்தாழ முப்பது மைல் வந்தது.

1995 ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், பேர்ணடெற் முதல்நாள் மாலையே பூசை கண்டுவிட, இருவரும் வெளிக்கிட்டார்கள். கூடையில் இரண்டு போத்தல் தண்ணீரும் மரக்கறி றோல்சும், கோயிலுக்கு உடுக்க ஒரு பஞ்சாபி உடுப்பும். யூனியன்வில் குளத்தடியில் றோல்ஸ் முடிந்தது. அதன்பிறகு வடக்கே திரும்பி வெறும் வீதியில் போய்க்கொண்டிருந்தபோதுதான், பின்னால் ஒரு கார் ஆமை வேகத்தில் வருவதைப் பேர்ணடெற் கண்டார். நான்கு விளக்கும் மின்னி மின்னி அணைந்தன.

"அக்கா, உது உங்கட கார் எல்லோ?"

சச்சிதானந்தன்தான். இரண்டு பெண்கள் தனியே வயல் வழியால் போகிறார்களே என்று காலையில் எழும்பியதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயிலுக்குப் போவதென்று வேட்டி கட்டிக்கொண்டு காரை எடுத்திருக்கிறார். பெண்கள் நின்றால் அவரும் நின்றார், போனால் அவரும் ஊர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ட்ரக்டரும் ஆறேழு கார்களும் சேர்ந்துவிட்டன. கடைசியாக ஒரு பொலிஸ் கார் வந்து அவரை ஓரங்கட்டியது.

பொலிஸ்காரர் இளம் ஆள். முதலில் சச்சிதானந்தனிடம் ஏதோ கேட்டார். பிறகு பெண்களிடம் நடந்து வந்து, இந்த மனிதர் கனதூரமாக உங்களைப் பின்தொடர்ந்து வருகிறார், இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

பேர்ணடெற் காதுக்குள் மெல்லச் சொன்னார், "தெரியாதெண்டு சொல்லுங்கோ அக்கா. ஒரு அரை மணித்தியாலம் நிம்மதியாப் போவம்."

சந்திரவதனா கொஞ்சநேரம் யோசித்தார். அவர் யோசித்ததைச் சச்சிதானந்தன் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்சநேரத்தை அவர் பிறகு பல வருடங்களுக்குக் குறையாகச் சொன்னார். கடைசியில் சந்திரவதனா ஆங்கிலத்தில், என்னுடைய கணவர்தான், கொஞ்சம் பயந்தவர் என்றார். பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய், மனைவி நன்றாகத்தான் ஓடுகிறார், நீங்கள் முன்னுக்குப் போய் அவர்கள் வருமிடத்தில் இருங்கள் என்று சச்சிதானந்தனை அனுப்பிவைத்தார்.

மாதாகோயிலில் அன்றைக்குக் கதவு திறந்திருந்தது. பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவர் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இது சுலோவாக்கியர்களின் கோயில் என்றும் தான் அறுபத்தெட்டாம் ஆண்டு நாட்டைவிட்டு ஓடிவந்தவன் என்றும் சொன்னார். நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். எண்பத்தெட்டு என்றார் சந்திரவதனா. அப்படியென்றால் நான் உங்களுக்கு இருபது வருடம் மூப்பு என்றார் அவர். உள்ளே வேலை முடியாமல் ஒரு பக்கம் சாரம் நின்றது. பேர்ணடெற் முழந்தாளில் இருந்து கும்பிட்டார். எழும்பியபோது கண் கலங்கியிருந்தது. சந்திரவதனா மேல்முகட்டைப் பார்த்தபடி கழுத்து நோகும்வரை நின்றார். அவர்கள் அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டார்கள்.

பிள்ளையார் கோயிலில் சச்சிதானந்தன் வாசலுக்கும் வீதிக்கும் நடந்து களைத்துப்போனார். அந்த நேரம் பார்த்து அருள்நாயகம் வந்து, என்ன தனியே நிற்கிறீர், மனுசி வரவில்லையோ என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலாக எந்தக் கேள்விக்குச் சச்சிதானந்தன் பயந்தாரோ அது இதுதான். ஆனால் காலையிலிருந்து பட்டபாட்டில் அவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"மனுசி சைக்கிளில வாறா. அஜின்கோர்ட்டில இருந்து. போய்த் திரும்ப முப்பது மைல்."

சொன்ன பிறகுதான் அது காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறதென்று அவருக்கே தெரிந்தது. அருள்நாயகம் நம்பவில்லை. அதனால் இன்னும் இரண்டு பேருக்கும் சொன்னார். பச்சைச் சைக்கிள் வளைவுக்குள் திரும்பியபோது வாசலில் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அருள்நாயகத்தின் மனைவி கிட்ட வந்து சீற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எங்கே வாங்கலாம் என்று சந்திரவதனாவைத் தனியே கேட்டார்.

சாமி கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்ட பிறகு பேர்ணடெற்றுக்கு முழங்கால் மடங்கவில்லை. அவருடைய சைக்கிளைக் காருக்குள் ஏற்றிப் பார்த்தார்கள், கதவு பூட்டுப்படவில்லை. பேர்ணடெற் எட்டு வருடமாகக் கார் ஓடுகிறவர். கையை நீட்டினார்.

"அண்ணை, கார்த் திறப்பைத் தாங்கோ. காரை நான் கொண்டுபோறன். நீங்கள் அக்காவோட இதில வாங்கோ."

"வேட்டியோடயோ?"

"ஊரில காற்சட்டையோடயே ஓடினனீங்கள்?"

சச்சிதானந்தன் வேட்டியை மடித்துக் கட்டினார். அருள்நாயகம் சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தார்.

முதல் அரை மைல் தள்ளாடியது. லெஸ்லி வீதியால் தெற்கே திரும்பியதும் இறக்கம் வந்தது. வேட்டி காற்றில் புடைக்க அவர் மனைவியை முந்திக்கொண்டு போய், கீழே ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பக்கத்தில் ஒற்றை அறையோடு ஒரு பழைய செங்கல் பள்ளிக்கூடம் இருந்தது. முகப்பில் கட்டின வருடம் வெட்டியிருந்தது.

"கோயிலுக்கு இந்த வீதியால எத்தினைதரம் வந்திருப்பன். உதை நான் காணேல்லை," என்றார்.

"எண்பது வேகத்தில போனா எப்பிடிக் காணுறது," என்றார் சந்திரவதனா.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். பேர்ணடெற் எப்போதோ வந்து தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். சச்சிதானந்தனால் அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியவில்லை. அச்சகத்துக்கு லீவு சொன்னபோது, கோயிலுக்குப் போய்க் கால் பிடித்துவிட்டது என்றார். அது பொய்யும் இல்லை.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு பழைய ஆண்கள் சைக்கிளும் வீட்டுக்கு வந்தது. ஞாயிறு ஆறு மணிக்குச் சந்திரவதனா வெளியே வந்து பார்க்கையில் சச்சிதானந்தன் இரண்டு சைக்கிளுக்கும் காற்று அடித்து முடித்திருந்தார். இந்தமுறை மறுவளமாகச் சுற்றுவோம், முதலில் பிள்ளையார் கோயில் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வழமையாக ஏற்றம் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று ஏதேதோ விளக்கம் சொன்னார். அன்னதானத்துக்கு நேரத்தோடு போகத்தான் என்று சந்திரவதனாவுக்கு விளங்கியது. சைக்கிளை மேற்கே திருப்பினார்.