துலக்கிய வெள்ளிக்காசு

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு வெள்ளிக்காசு இருந்தது. நாலணாவைவிடச் சற்றுச் சிறியது. பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்த்த என் மாமனார், காலமாவதற்குப் பல வருடம் முன்பு, கராச்சியில் வாங்கிவந்தது. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட ஆண் முகம், மறுபக்கம் கேடயம் ஏந்திய பெண். மாமியாருக்கு அவள் லட்சுமி. வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்குக் குங்குமம் வைப்பார். ராஜா குப்புறக் கிடப்பார்.

நான் அப்போது காரைக்காலில் ஒரு பள்ளியில் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. நூலகப் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்துத்தான், அது வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசர்களின் காசு என்று தெரிந்தது. முன்பக்கம் கிரேக்க எழுத்து, பின்பக்கம் அந்தப் பக்கத்துப் பழைய எழுத்தான கரோஷ்டி, இரண்டிலும் அரசன் பெயர். நம் வீட்டு ராஜா யார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுச்சேரியிலிருந்து பழங்காசு படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் கல்லூரியில் பேச வருவதாகக் கேள்விப்பட்டேன்.

அன்று காலை காசை எடுத்தால் ஒரே கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம். இதையா படித்தவள் கொண்டுபோய் நீட்டுவது என்று வெட்கமாக இருந்தது. புளியும் செங்கல் தூளும் வைத்து, குத்துவிளக்கு துலக்குவதுபோல் நாரால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பெருமை தாங்கவில்லை.

பேராசிரியர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு தொலக்குனது?"

"நான்தாங்க."

"முகம் இருக்கு. ஓரத்துல எழுத்து ஏற்கெனவே தேஞ்சுதான் இருந்திருக்கும். இப்ப ஒண்ணும் தேறலம்மா. இந்த ராஜாக்கள்ல பல பேரு இருந்தாங்கங்கறதுக்கே காசுதான் சாட்சி. வேற கல்வெட்டு, கதை எதுவும் கிடையாது."

திட்டியிருந்தால் தேவலை. காசைக் காகிதத்தில் மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும் கோட்டுச்சேரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பெயர் தெரிந்த ராஜாவாகத்தான் இருக்கும், அவர் காசு எத்தனையோ கிடைத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லாமலும் இருக்கலாம்.

மாமியார் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வெளுத்திருக்கும்மா. தேஞ்சிடும்னு பயந்துகிட்டு நான் இத தொடைக்கிறதுகூட இல்ல." பிறகு கேட்டார். "ராஜா பேரு என்னவாம்?"

"அவருக்குத் தெரியலையாம் அத்தை."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மாமியார் இருந்தவரை எங்கள் வீட்டில் அந்த மனிதர் ஒன்றும் தெரியாத பேராசிரியராகவே இருந்தார்.