குளிர் அறையில் இரண்டு பங்கனப்பள்ளி

ஒரகடத்தில் பழங்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. ஏற்றுமதியாகும் மாம்பழத்தில் பூச்சி இருக்கக் கூடாது என்று கதிர்வீச்சு காட்டுவார்கள். கதிர் பட்ட பெட்டி ஒன்றும் படாத பெட்டி ஒன்றும் எங்களிடம் வரும். குளிர் அறையில் வைத்து, ஒட்டுத்தாளில் குறித்த தேதிகளில் எடுத்து அறுத்து, சத்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்போம். அறிக்கையில் கையெழுத்து விழுந்ததும் மீதிப் பழத்தை ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டுக்கொள்வோம்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பங்கின் மேல் ஓர் இளக்காரம். "கதிர் பட்ட பழத்துல இன்னா சத்து கீது? எல்லாம் வெந்து போயிருக்கும்" என்பார். வெந்து போக அது சோறா என்று நானும் விடமாட்டேன். காட்டுகிற அளவு குறைவு, வைட்டமின் சி கொஞ்சம் இறங்கும், பழத்துக்கு மஞ்சள் நிறம் தரும் சத்து அநேகமாக அப்படியே இருக்கும், துவர்ப்புச் சத்து சில பழங்களில் ஏறவும் செய்யும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மனிதர் கொட்டையைச் சப்பிக்கொண்டிருப்பார். ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை.

போன சித்திரையில் அவருடைய கார் தொழிற்சாலை அவரை குஜராத்துக்கு அனுப்பியது. அங்கே புது உற்பத்தி லைனை ஓட்டிக் காட்ட ஒரு மாதம் என்றார்கள். சேரப்பணஞ்சேரி வீட்டில் நான் தனியாக இருந்தேன். இரண்டு தட்டில் ஒன்றை மட்டும் கழுவி வைப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த வாரம், என் பங்குக்குக் கதிர் பட்ட பங்கனப்பள்ளி இரண்டு கிடைத்தது. வீட்டில் வைத்தால் அதற்குள் கனிந்து குழைந்துவிடும் என்று ஆய்வகக் குளிர் அறையிலேயே கீழ்த் தட்டில் வைத்தேன். கைப்பழக்கத்தில் ஒட்டுத்தாளில் அவர் வரும் தேதியை எழுதினேன்; பழம் எடுத்து வைத்திருப்பதை அவரிடமும் போனில் சொன்னேன்.

அவர் வரவில்லை. "லைன் இன்னும் செட் ஆவல, அடுத்த ஞாயிறு" என்றார். தேதியை அடித்து வேறு எழுதினேன். அதற்கும் வரவில்லை; இந்த முறை புதன்கிழமை என்றார். மூன்றாவது தேதி எழுதும்போது பேனாவையே உடைத்துவிடலாம் போல எரிச்சல் வந்தது.

அந்தத் தேதியன்று எங்கள் மூத்த கெமிஸ்ட் அக்கா ஒரு தாளோடு வந்தார். "இன்னாமா இது, இந்த ரெண்டு பழமும் ரொம்ப எறங்கிக் கீது? எப்ப வந்த சாம்பிள்?"

சாம்பிள் இல்லை, என் வீட்டுக்காரருக்காக எடுத்து வைத்தது என்றேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "தேதி போட்டிருந்துதேம்மா, நான் அறுத்துட்டேனே" என்றார்.

தாளை வாங்கி, அந்தப் பெட்டிகளின் முதல் நாள் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். கதிர் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். கிடந்த நாட்கள் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். எத்தனையோ அறிக்கையில் நானே எழுதிய வரி. அன்றைக்குத்தான் வலித்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் வீட்டுக்காரர் போன் செய்தார். இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். "பழத்த வெச்சிரு, கதிர் பட்டதுதானே, கெட்டா போவும்?" என்று சிரித்தார்.

"கெடாதுங்க. ஆனா கொறையும். அக்கா இன்னிக்கு அறுத்துப் பாத்துத் தாளு குடுத்தாங்க. கதிருல போனதவிட, காத்துக் கெடந்ததுல போனதுதான் அதிகம்."

"சத்து போவாதுன்னு நீதானே சண்ட போடுவ?"

"பழத்த மட்டும் சொல்லலங்க. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போல. "அந்தத் தாளு கையில கீதா?" என்றார்.

"இருக்கு."

"மொதல்லேர்ந்து படி. நான் கேக்கறேன்."

சேரப்பணஞ்சேரி வரும்வரை படித்தேன். அவர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை.