சகலையின் புள்ளிகள்

என் சகலை நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். அதுதான் கடுப்பு. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நேரில் பார்த்தால் "வாங்க சகலை" என்று கையைப் பிடிப்பேன். 'நீங்க', 'உங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் 'அவன்'தான். வீட்டில் அவனுக்கு நான் வைத்த பட்டம் பெரும்புள்ளி. அவன் ஒன்றும் பெரிய முதலாளி இல்லை, லிப்ட் மெக்கானிக். கிரெடிட் கார்டில் சேர்கிற புள்ளிகளை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை பெண்டாட்டியோடு ஓசியில் விமானம் ஏறுகிறான். அதனால் வந்த பட்டம்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். இருபத்தாறு வருஷமாகத் தேய்க்கிறேன். அவன் கார்டு தேய்க்கிறான். தேய்த்துத் தேய்த்து எனக்குக் கிடைத்தது முதுகுவலி, அவனுக்குக் கிடைத்தது ஜன்னல் சீட்டு.

ஆறு வருஷமாக இந்தக் கூத்து. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் விமான நிலையத்து லவுஞ்சிலிருந்து படம் வரும். அந்தக் கார்டைக் காட்டினால் கூட வருகிறவரையும் உள்ளே விடுவார்களாம், மைத்துனி பேரிலும் ஒரு கார்டு இருக்கிறதாம், மெத்தை வைத்த நாற்காலியாம், சாப்பாடும் சும்மாவாம். எல்லாப் படத்திலும் வெள்ளைக் கிண்ணத்தில் சூப் இருக்கும், பக்கத்தில் மைத்துனி சிரித்துக்கொண்டிருப்பாள். என் மனைவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். தங்கையின் புதுத் துணியைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். "ம்" என்று சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பாள். அந்த "ம்" என் வயிற்றில் போய் எரியும்.

அவன் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொறாமையில் பாதியை மறைத்தேன் என்று ஆகும். பதினேழு வயதில் லிப்ட் கம்பெனியில் இரும்புக் கயிறு சுமக்கப் போனவன். இடது சுண்டுவிரலின் நுனி ஏதோ ஒரு பதினோராவது மாடியில் போய்விட்டது. இன்றைக்கும் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் சுவரில் காதை வைத்து லிப்ட் ஓடுகிற சத்தத்தைக் கேட்பான். கேட்டுவிட்டுப் படியில் ஏறுவான். எங்கள் வீடு நான்காவது மாடி. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் ஏற மாட்டாண்ணே" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் பல்லைக் காட்டுவேன். அதோடு, மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பான். லென்ஸ் தேய்க்கிறவன் கண் எதிரே அப்படித் துடைப்பது சமையல்காரன் முன்னால் தட்டை நகர்த்தி வைப்பது மாதிரி.

போன வருஷம் எனக்கும் ஒரு கார்டு வாங்கினேன். அதே கார்டு, அதே நீலம். கடைத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் முதல் வருஷம் கட்டணமே கிடையாது என்று சொன்னான். வீட்டுக்கு வந்து மனைவியிடம், அடுத்த வருஷம் நாமும் பறக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பினாளா இல்லையா தெரியாது. ஆனால் அன்றைக்கே பரண்மேல் இருந்த பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். கைப்பிடி அறுந்திருந்தது. திரும்ப ஏற்றி வைத்தாள்.

வருஷம் ஓடிவிட்டது. போனில் செய்தி வந்தது. இன்னும் ஏழு நாளில் ஆண்டுக் கட்டணம் கணக்கில் ஏறும், வேண்டாமென்றால் அதற்குள் கார்டை ரத்து செய்யலாம். கட்டணம் என் ஆறு நாள் சம்பளம்.

கடையில் லென்ஸ் வருகிற காகித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வருஷம் முழுக்க மளிகை, மருந்து, கரண்டு என்று தேய்த்ததில் சேர்ந்தது ஆறாயிரத்து இருநூறு புள்ளி. ஒரு டிக்கெட்டுக்குப் பதினெட்டாயிரம் வேண்டும். அப்படியானால் மூன்று வருஷத்துக்கு ஒரே ஒரு டிக்கெட். அதற்கு இரண்டு தடவை கட்டணம், பன்னிரண்டு நாள் சம்பளம். அதே டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினால் பத்து நாள் சம்பளம். இன்னும் மூன்று வருஷம் காத்திருந்து இரண்டாவது டிக்கெட்டும் சேர்க்கலாமா என்றால், புள்ளிகள் மூன்று வருஷத்தில் காலாவதியாம். லவுஞ்ச் சும்மாதான், ஆனால் கையில் டிக்கெட் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவனால் முடிகிறது என்னால் ஏன் முடியவில்லை? என்னை விட இரண்டு வகுப்பு குறைவாகப் படித்தவன். வட்டி, தள்ளுபடி எல்லாம் எனக்குத் தெரியாதா? திரும்பத் திரும்பக் கூட்டினேன். கூட்டிக்கொண்டே வேலையும் செய்தேன், அங்கேதான் வினை.

லென்ஸில் பார்வையின் நடுவைக் கண்டுபிடித்து மையால் ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளி, போடுகிறவரின் கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் தலைவலி. இருபத்தாறு வருஷத்தில் என் புள்ளி தள்ளியதில்லை. மறுநாள் ஒரு டீச்சரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சோதித்துப் பார்த்தேன். வலது கண்ணுக்கு வைத்த புள்ளி மூக்குப் பக்கம் போயிருந்தது. முதலாளி என் கண்ணை ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொன்னார். அவமானமாக இருந்தது. என் தொழில் புள்ளியையும் அந்தப் பெரும்புள்ளி கெடுத்துவிட்டான் என்று அவன் மேலேயே கோபம் வந்தது.

கெட்ட நேரம் பாருங்கள், அந்த வாரமே லென்ஸ் மாற்றிக்கொள்ள அவன் கடைக்கு வந்தான். சொந்தக்காரன் விலை என்று நான் குறைத்தால் கேட்க மாட்டான், முழு விலையையும் கார்டில் தேய்ப்பான். பில் போடும்போது, ஒன்றும் தெரியாதவன் மாதிரி, இவ்வளவு புள்ளி எப்படிச் சேருகிறது என்று கேட்டு வைத்தேன்.

அவன் ஒளிக்கவே இல்லை. லிப்டுக்கு வாங்கும் உதிரி பாகத்தையெல்லாம் தன் கார்டில்தான் வாங்குகிறான், கம்பெனி மாசக் கடைசியில் பணத்தைத் திருப்பித் தருகிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்புறம் உங்க வீட்டு பிரிட்ஜு, வாஷிங் மெஷினு, பொண்ணோட காலேஜ் பீஸு... எல்லாம் நம்ம கார்டுதானேண்ணே" என்றான்.

எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் அவன்தான் கார்டை நீட்டுவான். "நான் தேய்ச்சிடறேண்ணே, நீங்க அப்புறமா குடுங்க" என்பான். பெருமை அடித்துக்கொள்கிறான் என்று நினைத்து, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சுடச்சுடப் பணத்தைக் கையில் திணிப்பேன். கடன் வைக்காத ரோஷக்காரன் நான். ஆக, என் பிரிட்ஜின் மேல் ஏறி உட்கார்ந்து அவன் பறந்திருக்கிறான். என் மகளின் மூன்று வருஷப் படிப்பு அவன் மேசையில் சூப்பாக ஆவி விட்டிருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். உன் தங்கை புருஷன் திருடன் என்றேன். நம் உழைப்பில் ஊர் சுற்றுகிறான் என்றேன். கட்டணம் என்ன, இரண்டு மடங்கு ஆனாலும் கட்டி, அவன் பறந்த அதே விமானத்தில் உன்னை ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணி வரைக்கும் மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"மூணு வருஷமா கேக்கறாங்க. அக்கா, உங்க செலவுல வந்த புள்ளியும் இதுல இருக்கு, உங்களுக்கும் டிக்கெட் போடறோம்னு. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வழி பூரா உங்க மூஞ்சிய யாரு பாக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் என்ன வாங்கினாய் என்று கேட்டால் பதில் சொல்வது மாதிரி சொன்னாள். அவளை இதுவரை தரையிலேயே வைத்திருந்தது ஆண்டுக் கட்டணமும் இல்லை, பதினெட்டாயிரம் புள்ளியும் இல்லை. நான்தான். அந்த நிமிஷத்திலும், சத்தியமாகச் சொல்கிறேன், இந்த விஷயம் என்னைத் தவிர மூன்று பேருக்கும் தெரிந்திருந்ததே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஆறாவது நாள் கார்டு கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். ரத்து செய்ய வேண்டாம், உங்களுக்காகப் பாதிக் கட்டணம் என்றாள். மூன்று நாள் சம்பளம்தான். வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. எதிரே மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, கை மட்டும் நின்றது.

"வேணாம்மா. எங்க வீட்டுச் செலவு அவ்வளவு பெருசு இல்ல" என்றேன்.

இருக்கிற புள்ளிக்கு என்ன வரும் என்று கேட்டதில், ஒரு பயணப் பை தரலாம் என்றாள். அனுப்பச் சொன்னேன். சூட்டோடு சூடாகச் சகலைக்கும் போன் செய்தேன். ஆறவிட்டால் மனசு மாறிவிடும்.

டிக்கெட் வேண்டுமென்று கேட்க நாக்கு எழவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினேன், அவன் புது லென்ஸைப் பற்றிக் கேட்டேன். அப்புறம் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"இந்த வருஷம் ரெண்டு டிக்கெட்டுக்குத்தான் புள்ளி இருக்குண்ணே. அக்காவும் தங்கச்சியும் போயிட்டு வரட்டுமே" என்றான்.

தன் சீட்டை விட்டுக்கொடுக்க அவனுக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. எனக்கு ஒரு போன் செய்ய ஆறு நாள். அதுவும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று நானும் சகலையும் வழியனுப்பப் போனோம். என் மனைவி புதுப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அந்தப் பயணத்தில் என் பங்கு அந்தப் பை. உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று கையைத் தூக்கி வைத்திருந்தேன். அவள் தங்கையிடம் என்னமோ கேட்டுக்கொண்டே போய்விட்டாள். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வெளியே ஒரு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். சகலை இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கி வந்தான். கார்டு எடுக்க மாட்டார்களாம், சில்லறை கொடுத்து வாங்கியிருக்கிறான். டீ சுமார்தான். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போன் சிணுங்கியது. மனைவியிடமிருந்து எனக்கு மட்டும் வந்த செய்தி. 'சூப்புல உப்பே இல்ல.'

ஆறு வருஷம் நான் வயிறெரிந்த சூப்.

அடுத்து ஒரு படம் வந்தது. அதில் சூப்பும் இல்லை, தங்கையும் இல்லை. பெரிய கண்ணாடி ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு விமானம் நின்றிருந்தது. இத்தனை வருஷமும் அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தது தங்கையின் துணியை இல்லை, பின்னால் இருந்த இந்த ஜன்னலைத்தான். ஊரில் இருக்கிறவர் கண்ணெல்லாம் எங்கே பார்க்கிறது என்று அளந்து புள்ளி வைக்கிறவன் நான்.

நானும் இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கண்ணாடியின் ஓரத்தில் அவள் மங்கலாகத் தெரிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை.

"என்னண்ணே, என்ன அனுப்பியிருக்காங்க?" என்று சகலை எட்டிப் பார்த்தான்.

"சூப்புல உப்பு இல்லயாம்" என்றேன்.

"எப்பவுமே இருக்காதுண்ணே" என்றான்.

போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். படத்தை அவனுக்குக் காட்டவில்லை.